டி.சி. வாங்கிக்கொண்டு வெளிநாடு: பாதியில் நின்ற படிப்புக்கு என்ன ஆகும்?

கடலூர் மாவட்டத்தின் லால்பேட்டை, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போவது தலைமுறைகளாக நடப்பது. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்களுக்குப் பாரிஸ் பக்கத்து ஊர் மாதிரி. ஆகவே வெளிநாடு போவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. இப்போது வீடுகளில் எழும் கேள்விதான் வேறு. இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் பிள்ளை வந்து நிற்கிறது: அரியர் ஏறிக்கொண்டே போகிறது, ஏஜென்ட் விசா தயார் என்கிறார், படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பட்டுமா?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரே முடிவு போலத் தோன்றினாலும் இதற்குள் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. படிப்பை எப்படி நிறுத்துவது என்பது ஒன்று, எந்த விசாவில் போவது என்பது மற்றொன்று. கல்லூரியை விட்டு வரும்போது கையில் என்ன தாள் மிஞ்சுகிறதோ, அதுதான் எந்த விசா கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஏஜென்ட் இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசுவார். முதலாவதிலிருந்து தொடங்குவோம்.

## படிப்பை நிறுத்துவதில் மூன்று வகை

‘டிஸ்கன்டினியூ’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். கல்லூரி அலுவலகத்தில் அவை மூன்று தனித்தனி நிலைகள்.

1. சொல்லாமல் நின்றுவிடுவது. வருகைப் பதிவு குறையும், தேர்வு எழுத அனுமதி கிடைக்காது, சில மாதங்களில் பெயர் நீக்கப்படும். மூன்றில் மோசமானது இதுதான். இங்கே அதிகம் பார்ப்பதும் இதைத்தான்.

2. விண்ணப்பம் கொடுத்து விலகுவது. மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், அதுவரை எழுதிய பருவத் தேர்வுகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் கைக்கு வரும்.

3. படிப்பில் இடைவெளி கேட்பது, அதாவது ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’. முன்அனுமதி பெற்று ஒதுங்கியிருந்து, பிறகு அதே படிப்பில் மீண்டும் சேரலாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் இதற்கு ஓராண்டு வரை இடமுண்டு. ஆனால் அந்த ஓராண்டும் மொத்தக் கால வரம்புக்குள் சேரும். பிளஸ் டூ முடித்து பி.இ. சேர்ந்தவருக்கு அந்த வரம்பு 14 பருவங்கள், அதாவது 7 ஆண்டுகள்.

கலை அறிவியல் மாணவர்களுக்கு, கடலூரையும் புதுச்சேரியையும் பிரிக்கும் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் விதியே மாறுகிறது. புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். தேசியக் கல்விக் கொள்கையின்படி ஓராண்டு முடித்து விலகினால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்து விலகினால் டிப்ளமோ, மூன்றாண்டுக்குப் பட்டம் என்பது கணக்கு. இப்படி இடையில் விலக, கோடை விடுமுறையில் ஒரு தொழிற்பயிற்சிப் பாடத்தையும் முடித்திருக்க வேண்டும். பெற்ற கிரெடிட்டுகள் (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகள்) ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ கணக்கில் 7 ஆண்டு வரை செல்லும். கடலூர்ப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, அது மாநிலப் பல்கலைக்கழகம். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்காததால் நடுவில் இறங்கும் அந்தப் படிகள் இங்கே இல்லை. சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களில், ஒரே அளவு படித்துவிட்டு விலகும் இருவரின் கையில் வெவ்வேறு தாள்கள் இருக்கும். புதுச்சேரி நண்பன் சொன்னதை நம்பிக் கடலூர் மாணவர் முடிவெடுப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

## அசல் சான்றிதழும் கட்டிய பணமும்

மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. விதி வேறு சொல்கிறது.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது, நகல் போதும். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி பொறியியல், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு இன்னொன்றையும் சொல்கிறது: பாதியில் விலகும் மாணவரிடம் இனி வரும் ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது. நடப்பு ஆண்டுப் பாக்கி இருந்தால் அதைக் கேட்கலாம். இதை எழுத்தில் சுட்டிக்காட்டி முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறும்.

கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அதே யுஜிசி அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பு விலகினால், சிறு பிடித்தம் போக முழுத்தொகையும் வரும். கடைசி நாளைத் தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம். அதற்கும் மேல் போனால் ஒன்றும் கிடையாது. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

அரசு உதவிகளும் படிப்போடு சேர்ந்து நிற்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும், முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் படிக்கிறவர்களுக்கானவை.

## கல்விக் கடன் கூடவே வரும்

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. இந்தச் சலுகை படிப்பு நடக்கும் என்ற எண்ணத்தில் தரப்படுவது. நின்றுவிட்டதை வங்கி அறிந்தால் தவணையை முன்கூட்டியே தொடங்கச் சொல்லலாம். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் வாங்கிய கடனாக இருந்தால் விதி தெளிவாகவே இருக்கிறது: உடல்நலக் காரணம் தவிர வேறு எதற்காகப் படிப்பைப் பாதியில் விட்டாலும் மானியம் கிடையாது.

கடன் பத்திரத்தில் பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிள்ளை விமானம் ஏறிய பிறகு வங்கி தேடி வருவது அவர்களை. நாளைக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு இன்னொரு கடன் கேட்கும்போது முதலில் பார்க்கப்படுவதும் இந்தப் பழைய கடனின் வரலாறுதான். கிளம்புமுன் வங்கிக் கிளைக்குப் போய் நிலைமையைச் சொல்லி, தவணையை மாற்றி அமைக்க எழுதிக் கொடுப்பது நல்லது. அதற்கு ஒரு காலை வேளை போதும்.

## சிங்கப்பூர்: எந்த ‘பாஸ்’ என்பதில்தான் வாழ்க்கை இருக்கிறது

இந்தப் பகுதியில் ‘வெளிநாடு’ என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது சிங்கப்பூர். அங்கே வேலைக்குப் போக முக்கியமாக மூன்று அனுமதிகள் உண்டு.

1. வொர்க் பெர்மிட். குறைந்தபட்சச் சம்பள வரம்பு கிடையாது. இந்தியர்களுக்குக் கட்டுமானம், கப்பல் கட்டும் தளம், ரசாயன ஆலைப் பணி போன்ற துறைகளில் கிடைக்கும். கட்டுமானத்துக்குத் திறன் தேர்வு எழுத வேண்டும். நம் ஊரில் ‘டெஸ்ட் அடிப்பது’ என்று சொல்வது இதைத்தான்.

2. எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும்.

3. எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி. அதோடு ‘காம்பஸ்’ என்ற புள்ளிக் கணக்கில் 40 புள்ளி எடுக்க வேண்டும். அதில் பட்டத்துக்கு 10 புள்ளி, முன்னணிப் பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தால் 20. பட்டம் இல்லாதவருக்கு அந்தப் பகுதியில் பூஜ்யம்.

இரண்டு வருடம் இ.சி.இ. படித்து நிறுத்தியவருக்கும், பத்தாவதோடு நிறுத்தியவருக்கும் வொர்க் பெர்மிட்டில் வேறுபாடு இல்லை. அந்த இரண்டு வருடம் கணக்கில் வராது. வொர்க் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, பொதுவாக 2 ஆண்டு வரை தரப்படும். மனைவி பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள வழியில்லை. மற்ற இரு பாஸ்களிலும்கூடக் குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது வேண்டும். ‘புதிய வாழ்க்கை’ என்று நினைத்துக் கிளம்புகிறவர், எந்தப் பாஸில் போகிறோம் என்று கேட்காமல் கிளம்பினால் கிடைப்பது இரண்டு வருட ஒப்பந்த வேலை. அது கேவலமான வேலை அல்ல, எத்தனையோ வீடுகளைத் தூக்கி நிறுத்திய வேலை. ஆனால் அது என்னவென்று தெரிந்து போக வேண்டும்.

பணக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஏஜென்டுக்குக் கொடுக்க 3 லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம்.

1. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 3 லட்சத்துக்கு மாத வட்டி 9,000 ரூபாய்.

2. நாள் சம்பளம் 20 வெள்ளி, மாதம் 26 நாள் வேலை. வருமானம் 520 வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று கொண்டால் 33,800 ரூபாய்.

3. சாப்பாடு, போன், சில்லறைச் செலவுக்கு 200 வெள்ளி போனால் மிச்சம் 320 வெள்ளி, அதாவது 20,800 ரூபாய்.

4. வட்டி போக நிற்பது 11,800 ரூபாய். முதலை மொத்தமாகத்தான் திருப்பித் தர முடியும் என்ற வழக்கமான ஏற்பாட்டில், 3 லட்சம் சேர 25 மாதத்துக்கு மேல் ஆகும்.

பெர்மிட்டின் ஆயுள் 24 மாதம். வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் இருந்தாலும் கடன் முடிவதற்குள் பெர்மிட் முடிந்துவிடும். ஓவர்டைம் கிடைத்தால் கணக்கு கொஞ்சம் இளகும். காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் இறுகும். வாங்கும் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதைச் சம்பளத்தைக் கேட்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

சிங்கப்பூர்ச் சட்டப்படி, அங்கே உள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கான 5,000 வெள்ளி உறுதிப் பத்திரமும், அரசுக்குக் கட்டும் லெவியும் முதலாளியின் செலவு. இவற்றைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது. பெர்மிட்டுக்கு ‘ஐபிஏ’ என்ற ஒப்புதல் கடிதம் முதலில் வரும். அதில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் எழுதப்பட்டிருக்கும். கிளம்புமுன்பே தொழிலாளியின் தாய்மொழியில் அந்தக் கடிதம் அவருக்குத் தரப்பட வேண்டும். தமிழில் ஐபிஏ கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

## பாஸ்போர்ட்டில் ஒளிந்திருக்கும் ஒரு முரண்

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகையாக இருக்கும். அவர்கள் சவுதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே வேலை ஒப்பந்தமும் சம்பளமும் பார்க்கப்படும்.

கல்லூரி வரை வந்தவர் பத்தாவது தேறியவர், அவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. வசதிதான். ஆனால் படிப்பில்லாத தொழிலாளிக்கு அரசு போடும் அந்த ஒரு சல்லடை இவருக்கு இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு முழுக்க அவர்மேலேயே விழுகிறது. ஏஜென்டுகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே அந்தச் சல்லடையை நாமே பிடிக்க வேண்டியதுதான். ஏஜென்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் விதியை மீறுகிறார். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. தனியார் ஏஜென்ட் சொல்லும் வேலையை அங்கே விசாரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

## ஜெர்மனி: ஓராண்டுப் படிப்புக்கு அங்கே விலை உண்டு

பாதியில் விட்ட படிப்பு எல்லா நாட்டிலும் வீண் என்று நினைக்க வேண்டாம். இந்தியப் பிளஸ் டூ மட்டும் முடித்தவர் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பொதுவாக நேராகச் சேர முடியாது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட இந்தியக் கல்லூரியில் ஓராண்டு வெற்றிகரமாக முடித்தவர், அதே துறையில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ‘வெற்றிகரமாக’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். முதலாண்டு அரியரோடு விலகியவருக்கு இந்தக் கதவு திறக்காது. முதலாண்டுத் தாள்களை முடித்துவிட்டு விலகியவருக்குத் திறக்கும். இரண்டு தேர்வுகளை எழுதி முடிப்பதில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது பல மாணவர்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போகிறது.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ‘ஏபிஎஸ்’ என்ற கல்வி ஆவணச் சரிபார்ப்புச் சான்றும் கட்டாயம். ஏபிஎஸ் சரிபார்ப்பது மதிப்பெண் பட்டியல்களை. சொல்லாமல் கல்லூரியை விட்டு நின்றவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

‘ஆவ்ஸ்பில்டுங்’ எனப்படும் தொழிற்பயிற்சி இன்னொரு வழி. மாத ஊதியத்தோடு பொதுவாக 2 முதல் 3½ ஆண்டு. பட்டம் தேவையில்லை, ஆனால் ஜெர்மன் மொழியில் பி1 அளவு (அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் நடுத்தர நிலை) தேர்ச்சியைப் பொதுவாக எதிர்பார்ப்பார்கள். அதற்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். கல்லூரியை விடாமலே மாலை வகுப்பில் கற்கக்கூடியது அது.

## பிரான்ஸ்: புதுச்சேரிக்கே உரிய குழப்பம்

‘உன் தாத்தா பிரெஞ்சு காலத்து ஆள்தானே, நேஷனாலிட்டி எடுத்துவிடலாம்’ என்ற பேச்சைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இன்றும் கேட்கலாம். இதை நம்பி படிப்பை விட்டவர்களும் இருப்பதால் சட்டத்தைப் பொறுமையாகப் பார்ப்போம்.

1. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16.

2. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றோடு இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. தாத்தா அப்படி எழுதிக் கொடுத்தாரா என்பதுதான் முதல் கேள்வி. பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தார் என்பது மட்டும் பெரும்பாலும் போதாது.

3. எழுதிக் கொடுத்திருந்தாலும் இன்னொரு வேலி உண்டு. குடும்பம் ஐம்பது ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே நிலைத்திருந்து, விண்ணப்பிப்பவரும் அவருக்குக் குடியுரிமை வர வேண்டிய பெற்றோரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டு வந்ததற்கு ஆதாரம் இல்லையென்றால், வம்சாவளியை வைத்துக் குடியுரிமையை நிரூபிக்க அனுமதி இல்லை. பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இது. 1962இலிருந்து எண்ணினால் அந்த ஐம்பதாண்டு 2012இல் முடிந்துவிட்டது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு போன்றவை இருந்திருந்தால் கதை வேறு.

4. திருமணம் செய்தால் உடனே குடியுரிமை வராது. பிரெஞ்சுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து 4 ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம், சில நிலைகளில் 5 ஆண்டு. பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் காட்ட வேண்டும்.

5. குடியுரிமை கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறகு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைதான்.

பூர்வீகம் பிரெஞ்சு இல்லாத மாணவருக்கும் நேரான வழி உண்டு. பிரெஞ்சு அரசின் உயர்கல்வி வழிகாட்டி அமைப்பான ‘காம்பஸ் பிரான்ஸ்’ மூலம் மாணவர் விசா. 1889 முதல் புதுச்சேரியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் மொழி கற்கலாம். பிரெஞ்சு வழி இளநிலைப் படிப்புக்குப் பொதுவாக பி2 அளவு (பி1க்கு அடுத்த படி) மொழி கேட்பார்கள். விசாவுக்கு மாதம் 615 யூரோ வசதி காட்ட வேண்டும்.

## சுற்றுலா விசாவில் வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சுற்றுலா விசாவில் எந்த நாட்டிலும் வேலை செய்ய உரிமை இல்லை. ‘போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமை 2022இல் வெளியே வந்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். கம்போடியாவிலும் லாவோசிலும் இதே வலை விரிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த கல்லூரி மாணவர்களைத்தான் அந்தக் கும்பல்கள் தேடுகின்றன.

## திரும்பி வரும் வழியைக் கையோடு எடுத்துப் போவது

அங்கே சரிவராமல் திரும்பினால் என்ன செய்வது என்று கிளம்பும் வேளையில் யாரும் பேச விரும்புவதில்லை. அபசகுனமாக நினைக்கிறோம். ஆனால் அந்த ஏற்பாட்டைக் கிளம்புமுன் மட்டும்தான் செய்ய முடியும். வரிசை இது:

1. நடப்புப் பருவத் தேர்வை எழுதி முடியுங்கள். கிளம்புவது ஏப்ரலில் என்றால் மே மாதத்துக்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள். எழுதாத ஒரு பருவம், மீண்டும் சேரும்போது ஒரு வருடமாகத் திரும்பும்.

2. டி.சி. வாங்குவதற்கு முன் ‘பிரேக்’ கிடைக்குமா என்று விண்ணப்பித்துப் பாருங்கள். டி.சி. வாங்கிவிட்டால் மறுசேர்க்கை கடினம்.

3. அசல் மதிப்பெண் பட்டியல்கள், பாடத்திட்ட நகல் இரண்டையும் கல்லூரி முத்திரையோடு வாங்குங்கள். வேறு பல்கலைக்கழகமோ வெளிநாட்டுக் கல்லூரியோ படித்த பாடங்களைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால் பாடத்திட்டத்தைக் கேட்கும். பத்து வருடம் கழித்து வந்து அதைத் தேடுவது பெரும்பாடு.

4. புதுச்சேரி மாணவர் என்றால் கிரெடிட் கணக்கில் எல்லாப் பருவங்களும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். 7 ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கியிருக்கும்.

5. அசல்களை வீட்டில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போங்கள். வேலைக்கு அசல் வேண்டுமென்றால், எதற்கு, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.

பொறியியல் மாணவர் திரும்பி வந்து மீண்டும் சேர, கல்லூரி முதல்வர் மூலம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும், அதுவும் பருவம் தொடங்குவதற்கு முன். இடையில் பாடத்திட்டம் மாறியிருந்தால் விடுபட்ட பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டிவரும். நான்கு பருவம் முடித்துக் கிளம்பி, இரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வரும் மாணவருக்கு ஐந்தாம் பருவத்தில் மறுசேர்க்கை கிடைத்தால், 14 பருவக் கெடுவில் இன்னும் 6 பருவம் மிச்சமிருக்கும். படிக்க வேண்டியது 4 பருவம்.